புது பிராசஸர்: விளம்பரம் எவ்வளவு, விஷயம் எவ்வளவு?

(இத்தலாரில் தோட்டத் தொழிலாளர்களும் சிறு தேயிலை விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



கூட்டம் ஆரம்பமாவதற்குச் சற்று முன்னால் ஒரு தாயார் எங்களிடம் வந்தார். அவருடைய மகன் கோயம்புத்தூரில் காலேஜில் படிக்கிறான். படிப்புக்கு ஒரு மடிக்கணினி வேண்டுமாம். கடைக்குப் போனால், "இப்போது இருப்பதை வாங்கி ஏமாறாதீர்கள். புது பிராசஸர் வரப் போகிறது. அது தானே யோசிக்கும். கொஞ்சம் கூடப் போட்டு அதையே வாங்குங்கள், தவணை போட்டுத் தருகிறோம்" என்கிறார்களாம். "இது மெய்தானா? கூட்டுறவுச் சங்கத்தில் காதில் கிடப்பதை அடகு வைத்தாவது அதையே வாங்கிவிடட்டுமா?" என்று அந்தத் தாயார் கேட்டார்.

தோழர்களே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுவதுதான் இன்றைய நமது பேச்சு. கொழுந்து பறித்த காசு எங்கே போய்ச் சேருகிறது என்பது நமது விஷயம் இல்லையென்றால் வேறு யாருடைய விஷயம்?

பிராசஸர் என்பது என்ன?

கணினிக்குள்ளும் செல்போனுக்குள்ளும் இருந்துகொண்டு கணக்குப் போடும் யந்திரமே பிராசஸர். பார்த்தால் நகத்தளவு சிலிக்கான் துண்டு. அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சுவிட்சுகள். 1971-ல் இன்டெல் கம்பெனி வெளியிட்ட 4004 என்ற சிப்பில் சுமார் 2,300 சுவிட்சுகள் இருந்தன. 2020-ல் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட எம்1 என்ற சிப்பில் 1,600 கோடி சுவிட்சுகள்! விஞ்ஞானிகளும் தொழிலாளிகளும் 50 வருஷத்தில் சாதித்த மகத்தான சாதனை இது. இதைக் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. சாதனை வேறு, அதன் பெயரால் நடக்கும் விளம்பரம் வேறு என்பதைப் பிரித்துக் காட்டவே வந்திருக்கிறோம்.

பிராசஸர் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நமக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. தேயிலைப் பாக்டரியை நினைத்துக்கொண்டால் போதும்.

பாக்டரியில் இலையை அரைக்கும் யந்திரம் இருக்கிறது. அதன் வேகத்தைக் கூட்டினால் அதிக இலை அரைபடும். ஆனால் அளவுக்கு மீறிக் கூட்டினால் என்ன ஆகும்? சூடேறி இலை கெட்டுப் போகும். பிராசஸரும் அப்படியே. அது ஒரு விநாடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பதைத்தான் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் சொல்லுகிறார்கள். 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 கோடித் துடிப்பு. துடிப்பைக் கூட்டக் கூட வேலையும் கூடும், சூடும் கூடும்.

இன்னொன்றையும் பாருங்கள். அரைக்கும் யந்திரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், கொழுந்து லாரி வந்து சேராவிட்டால் அது சும்மாதானே நிற்கும்? பிராசஸருக்குக் கொழுந்து கொண்டுவரும் லாரி, கணினியின் நினைவகம். நினைவகம் போதாத கணினியில் எத்தனை உயர்ந்த பிராசஸரைப் பூட்டினாலும் அது காத்துக்கொண்டுதான் கிடக்கும். கடையில் பிராசஸரின் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டுகிறார்கள், நினைவகத்தின் அளவைச் சிறிய எழுத்தில் போடுகிறார்கள். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

10 கிகாஹெர்ட்ஸ் எங்கே?

வரப்போகும் பிராசஸரைப் பற்றிய வாக்குறுதி நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. 2000-ம் வருஷம் நவம்பரில் பென்டியம் 4 வந்தது. அதன் வேகம் 1.5 கிகாஹெர்ட்ஸ். இந்த அமைப்பு வளர்ந்து 10 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்று கம்பெனி தரப்பில் பேசப்பட்டது. உலகமே நம்பியது. நடந்தது என்ன?

3.8 கிகாஹெர்ட்ஸில் வண்டி நின்றுவிட்டது! சூட்டைத் தாங்க முடியவில்லை. அடுத்து வர இருந்த தேஜஸ் என்ற பிராசஸரை 2004 மே மாதம் கைவிட்டார்கள். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியமையும் அக்டோபரில் கைவிட்டார்கள். அதே மாதம் ஒரு மாநாட்டு மேடையில் இன்டெல்லின் தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட் எல்லோர் முன்னிலையிலும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

2023 ஜனவரியில்தான் இன்டெல்லின் ஒரு பிராசஸர் 6 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அதுவும் எப்போதும் அல்ல, சற்று நேரத்துக்கு மட்டும். அந்த வரிசையில் வந்த பிராசஸர்கள் பல, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைந்ததை 2024-ல் கம்பெனியே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை 2 வருஷம் நீட்டியது. அதே 2024 ஆகஸ்டில், நஷ்டக் கணக்கைக் காட்டி, சுமார் 15,000 பேரை வேலையிலிருந்து குறைக்கப் போவதாகவும் அறிவித்தது. மேலே உள்ளவர்கள் போட்ட கணக்கு தவறும்போது வேலை யாருக்குப் போகிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைக் கூட்ட முடியாதபோது வேறு வழி பிடித்தார்கள். ஒரு யந்திரத்துக்குப் பதிலாக 2, 4, 8 என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இதற்குத்தான் கோர் என்று பெயர். நல்ல யோசனைதான். ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்க 8 பேர் இறங்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இத்தலாரிலிருந்து ஊட்டிக்கு ஒரு கடிதம் கொண்டுபோக 8 பேர் சேர்ந்து நடந்தால் கடிதம் சீக்கிரம் போய்ச் சேருமா? பங்கு போட முடிகிற வேலையில்தான் 8 கோர் பயன்படும். கட்டுரை எழுதவும் பாடம் கேட்கவும் கணினி வாங்குகிறவனுக்கு அதில் பாதி சும்மா கிடக்கும்.

தானே யோசிக்குமாம்!

இப்போது வந்திருக்கும் புதிய கோஷம் செயற்கை நுண்ணறிவுக் கணினி என்பது. 2024 மே மாதம் மைக்ரோசாப்ட் கம்பெனி இதைப் பெரிய ஆரவாரத்தோடு அறிவித்தது. பிராசஸருக்குள்ளே இதற்கென்று தனிப் பகுதி ஒன்று இருக்க வேண்டும், அது விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. திரையில் நாம் முன்பு பார்த்ததையெல்லாம் நினைவில் வைத்திருந்து தேடிக் கொடுக்கும் வசதி இதன் முக்கியச் சிறப்பு என்று விளம்பரம் செய்தது.

ஜூன் 18-ந் தேதி கணினி கடைக்கு வந்தது. வசதி வந்ததா? வரவில்லை! மனிதனுடைய அந்தரங்கத்துக்கு ஆபத்து என்று எதிர்ப்புக் கிளம்பியது. வெளியீட்டைத் தள்ளி வைத்தார்கள். பொதுமக்கள் கைக்கு அது வர 2025 ஏப்ரல் ஆயிற்று. பணம் வாங்கியது ஒரு வருஷம், பண்டம் கொடுத்தது அடுத்த வருஷம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கேள்வி கேட்டால் பதில் எழுதித் தருகிறது என்று இன்று பையன்கள் ஆச்சரியப்படும் வேலையில் பெரும்பகுதி அந்த மடிக்கணினிக்குள்ளே நடப்பதே இல்லை. இன்டர்நெட் வழியாகக் கேள்வி எங்கோ தூரத்திலுள்ள பிரமாண்டமான கணினிக் கூடத்துக்குப் போகிறது. பதில் அங்கிருந்து வருகிறது. சாதாரண செல்போனிலும் அதே பதில்தான் வரும். ஆகவே இந்த மலைச் சரிவில் இருக்கும் நமக்கு வேண்டியது பெட்டியின்மேல் புது ஸ்டிக்கரா, மழையிலும் மேகத்திலும் அறுந்து போகாத சிக்னலா? யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டின் அனுபவம்

அந்நியக் கம்பெனிகளின் பேச்சு மட்டும்தான் இப்படியா? நம் நாட்டிலும் பார்த்தோம். 2010-ல் மத்திய சர்க்கார் மாணவர்களுக்கு 35 டாலரில் பலகைக் கணினி தரப்போவதாகச் சொன்னது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 2011 அக்டோபர் 5-ந் தேதி ஆகாஷ் என்ற பெயரில் அது வெளிவந்தது. விலை 35 டாலரில் நிற்கவில்லை. உள்ளே இருந்த பிராசஸரின் வேகம் 366 மெகாஹெர்ட்ஸ், அதாவது 1 கிகாஹெர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். நினைவகமும் சொற்பம். தொட்டால் திரை மெதுவாக நகர்ந்தது. அடுத்த வருஷமே 1 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரோடு ஆகாஷ் 2 வந்தது. நோக்கம் நல்ல நோக்கம்தான், ஏழை மாணவன் கையில் கணினி இருக்க வேண்டும் என்ற நோக்கம். ஆனால் பேச்சு முன்னே ஓடியது, சரக்கு பின்னே நொண்டியது.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்லவேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் சக்தி என்ற பிராசஸரை உருவாக்கினார்கள். 2018-ல் அதன் சிப் கைக்கு வந்தது. ரிஸ்க்-5 என்ற, யாருக்கும் உரிமைப் பணம் கட்ட வேண்டாத திறந்த இலக்கணத்தின்மேல் அமைந்தது அது. முதலில் இன்டெல்லின் ஆலையிலும், பிறகு நம்முடைய சண்டிகர் ஆலையிலும் அச்சாயிற்று. உடனே சில பத்திரிகைகள், அந்நியப் பிராசஸர்களின் காலம் முடிந்தது என்பது போல எழுதின. அப்படி நடக்கவில்லை. கடைகளில் விற்கும் மடிக்கணினிகளில் இருப்பவை இன்டெல், ஏ.எம்.டி. போன்ற கம்பெனிகளின் பிராசஸர்களே. அதனால் சக்தி தோல்வியா? அல்ல. கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான சிறிய சிப் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறுவதுதான் அதைச் செய்தவர்களின் திட்டம். அவர்கள் சொன்னதை விட்டுவிட்டு, சொல்லாததைப் பத்திரிகைகள் சொல்லின.

2025 செப்டம்பர் 2-ந் தேதி டெல்லி மாநாட்டில் பிரதமர் கையில் கொடுக்கப்பட்ட விக்ரம் 3201 என்ற பிராசஸரும் அப்படித்தான். திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் ஆலையும் சேர்ந்து செய்தது. அது 180 நானோமீட்டர் முறையில் ஆனது. கடைக் கணினிகளில் 1999 வாக்கில் வழக்கத்துக்கு வந்த முறை அது. அப்படியானால் பழைய சரக்கா? இல்லை, தோழர்களே! ராக்கெட்டில் போகும் பிராசஸருக்கு வேகம் பெரிதல்ல. குளிரிலும் கொதிப்பிலும் தவறாமல் வேலை செய்வதே பெரிது. பூஜ்யத்துக்குக் கீழே 55 டிகிரி முதல் மேலே 125 டிகிரி வரை அது தாங்கும். எந்த வேலைக்குச் செய்தார்களோ அந்த வேலையை அது செய்கிறது. பாராட்டுவோம். ஆனால் அதைக் காட்டி நாளைக்கே நம் வீட்டுக் கணினி மலிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சொன்னதைச் செய்ததும் உண்டு

எல்லாமே புரட்டு என்று சொல்லிவிட்டால் அதுவும் உண்மையாகாது. ஏ.எம்.டி. கம்பெனி ரைசன் என்ற பிராசஸரைத் தயாரித்தபோது, ஒரே துடிப்பில் முந்தியதைவிட 40 சதவீதம் அதிக வேலை என்பதை லட்சியமாகச் சொன்னது. 2017-ல் வெளிவந்தபோது 52 சதவீதம் என்று கணக்குக் காட்டியது. வெளியாட்கள் சோதித்துப் பார்த்தபோதும் முன்னேற்றம் மெய்யாகவே இருந்தது. 2020-ல் ஆப்பிள் எம்1 வந்தபோது, குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை என்ற பேச்சும் மெய்யாயிற்று.

ஆகவே, வரப்போகும் பிராசஸர் விளம்பரத்துக்கு ஈடுகொடுக்குமா என்று கேட்டால், சில ஈடுகொடுக்கும், பல கொடுக்காது. எது எது என்பது வெளிவந்து, விற்பவர்கள் அல்லாத பிறர் சோதித்த பிறகே தெரியும். நாம் கொழுந்தைத் தராசில் வைக்காமலே எடை எழுத விடுவோமா? வரவர விலை ஏறும் என்று ஏஜெண்டு சொன்னதை நம்பி இன்றைக்குக் கடன் வாங்குவோமா? அதே புத்தியை இங்கேயும் பயன்படுத்த வேண்டும்.

யாராவது 2 மடங்கு வேகம் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எதைவிட 2 மடங்கு, போன வருஷத்து மாடலைவிடவா, 5 வருஷத்துக்கு முந்தியதைவிடவா? எந்த வேலையில் 2 மடங்கு, என் பையன் செய்யும் வேலையிலா, அவன் ஒருநாளும் செய்யாத வேலையிலா? அளந்தது யார், விற்பவனா, வேறு ஆளா? 3 நானோமீட்டர் என்று சொன்னால் மயங்கவேண்டாம். இன்று அது ஒரு தலைமுறைக்கு இட்ட பெயர். சிப்புக்குள்ளே அந்த நீளமுள்ள பொருள் எதையும் அது குறிக்கவில்லை.

அந்தத் தாயாருக்குப் பதில்

அம்மா! வராத பிராசஸருக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். பையனுக்கு என்ன பாடம், அதற்கு என்ன கணினி தேவை என்று அவனுடைய ஆசிரியரையே கேளுங்கள். இன்று கடையில் உள்ள நடுத்தரமான பிராசஸர் சாதாரணப் படிப்புக்குத் தாராளமாகப் போதும். கூடக் கொஞ்சம் பணம் இருந்தால் அதை நினைவகத்தில் போடுங்கள். அதற்காகவும் காத்திருக்க வேண்டாம். செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் வாரிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் நினைவகத்தின் விலை ஏறியதைப் பார்த்தோம். நாளைக்கு மலியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வீட்டில் பழைய மடிக்கணினி இருந்தால் குப்பை என்று தள்ளிவிட வேண்டாம். 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. புதிய விண்டோஸ், பழைய பிராசஸர்கள் பலவற்றை ஏற்க மறுக்கிறது. பிராசஸர் கெட்டுப் போகவில்லை, கம்பெனியின் பட்டியலிலிருந்து அதன் பெயர் போயிற்று, அவ்வளவே! லினக்ஸ் என்ற இலவச அமைப்பைப் போட்டால் அது இன்னும் சில வருஷம் உழைக்கும். முன்பு தமிழ்நாட்டுச் சர்க்கார் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளிலேயே பாஸ் என்ற லினக்ஸ் இருந்தது. அதைப் போடத் தெரிந்த மாணவன் நம் ஊர்களிலேயே இருப்பான். அவனைக் கூப்பிட்டு மற்றப் பையன்களுக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

தோழர்களே! புதிய யந்திரம் வருவதை நாம் வரவேற்கிறோம். நம் பிள்ளைகள் அதைக் கையாள வேண்டும், நாளைக்கு அவர்களே பிராசஸர் வரையவும் வேண்டும். ஆனால் விலை கொடுப்பதற்கு முன்னால் அதைத் தராசில் வைத்துப் பார்ப்போம். அந்தத் தாயாரின் காதில் கிடப்பது பல வருஷத்துக் கொழுந்து. விளம்பரத்தை நம்பி அதைக் கழற்ற விடமாட்டோம்.