ஏறத் தெரிந்தவர்க்கு இறக்கவும் தெரிய வேண்டும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கட்டடத்தின் பின்புறத்தில் 12 மீட்டர் உயரமுள்ள இரும்புக் கோபுரம் ஒன்று நிற்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 2021ஆம் ஆண்டில் அதனை நாட்டிய நாள் தொட்டுக் காலனித் தாய்மார்கள் எங்களிடம் கேட்டு வரும் கேள்விகள் இரண்டு. ‘இவ்வளவு உயரம் எதற்கு?’ என்பது ஒன்று. ‘பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இஃது ஆபத்தில்லையா?’ என்பது மற்றொன்று. அமெச்சூர் வானொலியில் ஈடுபட்டுள்ள நாங்கள் அவ்விரண்டுக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

முதற்கண் உயரத்தைப் பற்றிக் கூறுவோம். நாங்கள் பெரிதும் பயன்படுத்துவது 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அதன் அலைநீளம் ஏறத்தாழ 20 மீட்டர். அதற்குரிய எளிய ஏரியல், நடுவில் கேபிள் இணைத்த 10 மீட்டர் நீளக் கம்பியேயாகும். அதனைத் தரைக்கு அருகில் கட்டினால் அலையின் பெரும்பகுதி நேரே மேல் நோக்கிச் சென்று வீணாகும். அரை அலைநீளமாகிய 10 மீட்டர் உயரத்தில் கட்டினாலோ, அலை தாழ்ந்த கோணத்தில் புறப்பட்டு, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் சென்று இறங்கும்.

இதனால் யாது பயன் என்பீர்களாயின், அண்மைக் கால வரலாறே விடை கூறும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கியபோது, திருமதி பாரதி பிரசாத் அவர்களின் தலைமையில் ஓர் அமெச்சூர் வானொலிக் குழு போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. உலகெங்குமுள்ள அன்பர்களுடன் வானொலியில் உரையாடி மகிழச் சென்ற குழு அது. பிற தொடர்புகள் அறுந்துபோன வேளையில், தீவுகளின் செய்தியைப் பெருநிலத்துக்கு எடுத்துரைக்கும் பணியை அக்குழு மேற்கொண்டது. அத்தீவுகளில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன என்பதை இங்கு நினைவூட்டுகின்றோம்.

இனி ஆபத்தைப் பற்றிக் கூறுவோம். கோபுரம் நாட்டுவதற்கு முன் நாங்கள் முதலில் பார்த்தது மின்கம்பியைத்தான். கோபுரம் எந்தத் திசையில் சாய்ந்தாலும், அதன் ஏரியலும் மின்கம்பியைத் தொடாத அளவு இடைவெளி வேண்டும். அவ்வாறு இடமில்லையெனில் கோபுரமே வேண்டா. அடுத்தது காற்று. தில்லியின் கோடைப் புழுதிப்புயலை நீங்கள் அறிவீர்கள். காற்று விநாடிக்கு 47 மீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். அதாவது மணிக்கு ஏறத்தாழ 169 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின் மீது ஏறக்குறைய 135 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் விழும். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆதலின் மூன்று திசைகளில் ஸ்டே கம்பிகள் கட்டி, அவற்றின் முளைகளைக் கோபுரத்தின் அடியிலிருந்து 9 மீட்டர் தள்ளிக் கான்கிரீட்டில் பதித்தோம். கான்கிரீட்டை 28 நாள் இறுகவிட்ட பின்னரே கோபுரத்தை நிறுத்தினோம். கம்பி முனையில் போடும் யூ கிளாம்பிலும் ஒரு முறை உண்டு: சுமை தாங்கும் கம்பியின் மேல் கிளாம்பின் பீடமும், மடித்துவிட்ட வால்முனையின் மேல் யூ வளைவும் அமைய வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் கம்பியே நசுங்கி வலுவிழக்கும்.

இவ்வளவு கவனம் செலுத்திய நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். அதை ஒளியாமல் கூறுவதே முறை.

2022ஆம் ஆண்டு மே மாதத்து மாலை ஒன்றில் எங்களுள் ஒருவர் உச்சியில் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். மேற்கே புழுதி எழுவதைக் கண்டு கீழிருந்து ‘இறங்கி வாருங்கள்’ என்றோம். ‘இன்னும் ஒன்றுதான்’ என்றார். அவர் உடற்பட்டை அணிந்திருந்தார். ஆயினும் கொக்கிக் கயிறு ஒன்றே இருந்தது. அதனைக் கழற்றி வேறிடத்தில் மாட்டும்போதெல்லாம் அவருடைய உயிர் கைப்பிடி ஒன்றையே நம்பியிருந்தது. அப்படி மாட்டிய மறுகணம் கால் வழுக்கிற்று. கயிறு தாங்கிற்று, அவர் அந்தரத்தில் தொங்கினார். 12 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் ஒன்றரை விநாடியில், மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடைவார். ஒரு கணம் முன்னதாகச் சறுக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்!

அவரை மீட்கவோ எங்களுக்கு வழி தெரியவில்லை. மேலே செல்ல இரண்டாவது பட்டை இல்லை. அசைவின்றித் தொங்குபவருக்குக் கால்களில் குருதி தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரக்கூடும் என்பதையும் நாங்கள் அன்று அறிந்திலோம். கருவிகள் ஏற்றும் கயிற்றில் ஒரு வளையமிட்டுக் கப்பி வழியே மேலே அனுப்பினோம். அவரே அதில் கால் ஊன்றி எழுந்து, கோபுரத்தைப் பற்றி இறங்கினார். அன்றிரவு அவருடைய மனைவியார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ‘ஏற்றிவிடத் தெரிந்தவர்களுக்கு இறக்கத் தெரிய வேண்டாமா, அண்ணா?’ என்று மட்டும் கேட்டார். நாங்கள் தலைகுனிந்தோம்.

அன்று முதல் எங்கள் முறை மாறிற்று. இப்பொழுது ஏறுபவருக்கு இரு கொக்கிக் கயிறுகள் உண்டு. ஒன்று மாட்டப்பட்ட பின்னரே மற்றொன்று கழற்றப்படும். கீழே இருவரேனும் நிற்பர். அவர்களுள் ஒருவர் பட்டை அணிந்து, மேலே சென்று மீட்கப் பயின்றவராக இருப்பார். ஆண்டுக்கு இருமுறை மணல் மூட்டையைத் தொங்கவிட்டு இறக்கிப் பழகுகின்றோம். எவரும் ஏறுமுன் வானொலிக் கருவியை நிறுத்தி, மின் பிளக்கைப் பிடுங்கி, அறைச் சாவியை ஏறுபவரின் சட்டைப்பையில் இடுகின்றோம். ஆள் மேலே இருக்கும்போது ஸ்டே கம்பியை எவரும் தளர்த்துவதில்லை. இடியோசை கேட்டால் உடனே இறங்குதல் வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை ஏறுதல் கூடாது.

கோடைக்கு முன் ஒருமுறையும் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறையும் துரு, தளர்ந்த கம்பி, கழன்ற திருகாணி, குளவிக்கூடு ஆகியவற்றைத் தேடுகின்றோம். கோபுரத்தின் எர்த் கம்பியும் கட்டடத்தின் எர்த் கம்பியும் ஒன்றோடொன்று இணைந்துள்ளனவா என்றும் சோதிக்கின்றோம். கோபுரத்தின் அடிப்பகுதியைத் தகடு கொண்டு மூடிப் பூட்டியிருப்பது நம் பிள்ளைகளை முன்னிட்டே.

தாய்மார்களே! நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இரும்பும் உயரமும் உள்ள இடத்தில் ஆபத்து அறவே இல்லை என்று நாங்கள் கூறமாட்டோம். அதனைக் குறைக்கும் வழியில் உங்களுக்கும் ஒரு பங்கு தருகின்றோம். கோபுரத்தில் ஆள் இருக்கையில் ‘இறங்கி வாருங்கள்’ என்று சொல்லும் உரிமை, இக்காலனியில் பள்ளிச் சிறுவன் உட்பட அனைவருக்கும் உண்டு. அச்சொல்லைக் கேட்டவர் காரணம் வினவாமல் இறங்குவார். விளக்கத்தைத் தரையில் நின்று கேட்டுக்கொள்வார். எஞ்சிய திருகாணியை மறுநாள் முடுக்கலாம்.

இந்தக் கலையைக் கற்க விழையும் இளைஞர்கள் எங்களிடம் வருக! தேர்வெழுதி அரசின் உரிமம் பெறும் வழியைக் கூறுவோம். உரிமம் கைக்கு வருமுன் முடிச்சுப் போடவும், கொக்கி மாட்டவும், கீழே நின்று துணைபுரியவும் கற்பிப்போம். கோபுரத்தில் ஏறுவது அவற்றிற்கெல்லாம் பின்னர்.