மன்றம் அமைத்தலும் மன்றம் காத்தலும்

(தாம்பரத்தையும் பல்லாவரத்தையும் சூழ்ந்த ஊர்களின் தமிழ் மன்றத்தார் கூடிய அவையில் நிகழ்ந்த பொழிவின் எழுத்துவடிவம்)



மன்றம் தொடங்குதல் எளிது. அதனை நடத்துதல் அரிது. வாழவைத்தல் அதனினும் அரிது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் என இப்புறநகரெங்கும் தோன்றிய தமிழ் மன்றங்கள் பல. அவற்றுள் இன்றும் விளக்கேற்றி அமர்ந்திருப்பவை சில. கால்கோள் விழாவில் எழுந்த முழக்கம் இரண்டாம் ஆண்டு விழாவிலேயே அடங்கிவிடுவதன் கரணியம் என்ன? பணமின்மை என்பர், ஆளின்மை என்பர், இடமின்மை என்பர். அவை உண்மையே எனினும் முழு உண்மை ஆகா. நம் மன்றங்கள் பெரும்பாலும் பாராட்டும் மன்றங்களாகவும் கைதட்டும் மன்றங்களாகவும் இருந்தன. உறழ்ந்து ஆராயும் மன்றங்களாக இருந்தில. ஆகவே கருத்து வேறுபாடு தலைகாட்டிய அன்றே மன்றம் இரண்டாயிற்று. இரண்டும் பின்னர் இல்லையாயின.

வேறுபாட்டிற்கு இடந்தரும் மன்றமே வளரும். அவ்விடத்திற்கு வரம்பு கட்டும் மன்றமே நிலைக்கும். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் மன்றம் பட்டுப்போகும்.

முன்னோர் வகுத்த வரம்பு

இவ்வுண்மை தமிழர்க்குப் புதியதன்று. புகார் நகரில் பட்டிமண்டபம் இருந்தது. மகத வேந்தன் கரிகாலனுக்குத் தந்த பொருள் அது எனச் சிலப்பதிகாரம் சொல்கிறது. முத்தும் பொன்னும் திறையாகப் பெற்ற நாட்டில், சொல்லாடும் மண்டபமும் திறைப்பொருளாக மதிக்கப்பெற்றது! மணிமேகலையோ, வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை பல கொள்கையாளரையும் அவரவர் வாயாலேயே உரைக்கக் கேட்டாள். கேட்டபின்னரே காஞ்சி சென்று தன் நெறியை உறுதி செய்துகொண்டாள். திருவள்ளுவரும் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை இதற்கெனவே ஒதுக்கினார்.

இலக்கியத்தில் மட்டுமன்று, கல்லிலும் இந்நெறி உண்டு. நெல்லைச் சீமையின் மானூரில், கி.பி. 800 அளவில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் வெட்டப்பெற்ற கல்வெட்டு, ஊரவை நடக்க வேண்டிய முறையைக் கூறுகிறது. எக்கருத்து வரினும் 'அன்று, அன்று' என்றே சொல்லி அவைப்பணியைத் தடுப்பவர்க்கு ஐந்து காசு தண்டம். அவர்க்குத் துணைநிற்பவர்க்கும் தண்டம். இங்கே ஒன்று கருதத்தக்கது. மறுத்துரைத்தவனை அவ்வவை ஒறுக்கவில்லை. மறுப்பதையே தொழிலாகக் கொண்டு அவையை முடக்கியவனையே ஒறுத்தது. மறுப்பு வேறு, முடக்கம் வேறு. இவ்வேறுபாட்டை அறியாத தலைவர், ஒன்று வாயில்லாத அவையை ஆக்குவார். அன்றேல் வரம்பில்லாத அவையை ஆக்குவார்.

தாம்பரத்திற்குத் தெற்கேயுள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தகன் காலத்துக் (919, 921) கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் பொறுப்பேற்க முடியாது. ஒருமுறை பொறுப்பில் இருந்தவர் மூன்றாண்டு ஒதுங்கியிருத்தல் வேண்டும். 'நிலைத்த செயலாளர்' பலரை உடைய நம் மன்றங்கள் இக்கல்லை ஒருமுறை படித்துவருதல் நன்று!

எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. இவ்விரண்டும் பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர்களின் அவைகள். நிலமுடையார்க்கும் மறை கற்றார்க்குமே அங்கு இடம். உழவனுக்கும் தொழிலாளிக்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. விதி சிறந்தது; வாயில் குறுகியது.

பல்லாவரம் திறந்த வாயில்

அவ்வாயிலை அகலத் திறக்க முனைந்த ஓர் அவை இப்பகுதியிலேயே இருந்தது. 1911ஆம் ஆண்டில், கிறித்துவக் கல்லூரியின் தமிழாசிரியப் பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறிய மறைமலையடிகள், வள்ளலார் நெறியைத் தழுவிச் 'சமரச சன்மார்க்க நிலையம்' நிறுவினார். தனித்தமிழ் நெறி மலர்ந்தபின் அதுவே 'பொதுநிலைக் கழகம்' ஆயிற்று. வெறும் மொழிமாற்றமாக அதனைக் கொள்ளற்க. ஒருவரும் உரிமை கொண்டாட இயலாத நிலை, எல்லாரும் வந்து நிற்கக்கூடிய நிலை, அதுவே பொதுநிலை. மன்றத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் உண்டோ?

அடிகள் அக்கல்லூரியிற் சேர்ந்த வரலாறே வினவுதலுக்கு ஒரு பாடம். அது 1898, கல்லூரி அப்போது சென்னைக் கடற்கரைப் பக்கம் இருந்தது, தாம்பரத்திற்கு வந்தது 1937இல். தமிழாசிரியரைத் தேர்ந்தெடுத்த பரிதிமாற்கலைஞர், குற்றியலுகரத்திற்கு எடுத்துக்காட்டுக் கேட்டாராம். "அஃது எனக்குத் தெரியாது" என்றாராம் இளைஞர். கேட்டவர் முகம் மலர்ந்தது. அஃது என்பது ஆய்தத்தொடர். எனக்கு என்பது வன்றொடர். தெரியாது என்பது உயிர்த்தொடர். மூன்றும் குற்றியலுகரச் சொற்களே! தமிழாசிரியரிடையே வழிவழியாக வழங்கும் இந்நிகழ்ச்சியில் விடையளித்தவரின் நுண்மையை மட்டும் போற்றுகிறோம். வினவியவர் செவியை யார் போற்றுகிறார்? 'தெரியாது' என்ற சொல்லுக்குள்ளேயே விடையைக் கேட்ட செவி அது. வினவுவோன் மடக்குதற்கு வினவினால் அவை போர்க்களம் ஆகும். அறிதற்கு வினவினால் அவை கல்விக்கூடம் ஆகும்.

தனித்தமிழ் இயக்கமே ஒரு சிறு கலந்துரையாடலிற் பிறந்ததன்றோ! 1916இல் அருட்பாப் பாடல் ஒன்றைப் பாடிய அடிகள், அதிலுள்ள 'தேகம்' என்பதன் இடத்தில் 'யாக்கை' என்னும் சொல் அமைந்திருப்பின் எத்துணை இனிமை என மகள் நீலாம்பிகையிடம் கூறினார். அங்ஙனமாயின் இனித் தூய தமிழிலேயே பேசுவோம், எழுதுவோம் என்றாள் மகள். பதின்மூன்று அகவையும் நிரம்பாத அச்சிறுமியின் சொல்லை அவர் புறந்தள்ளியிருப்பின், தமிழின் இற்றை வரலாறு வேறாகியிருக்கும். அச்சிறுமியே வளர்ந்து, 1937இல் வடசொல் தமிழ் அகரவரிசை தந்தார். இளையோர் வாய்திறக்க இடமில்லாத மன்றத்தில் எத்தனை நீலாம்பிகைகள் வாளா அமர்ந்து எழுந்து சென்றனரோ!

1931இல் நடந்த பொதுநிலைக் கழகத்தின் இருபதாம் ஆண்டு விழாவில், திருக்கோயில்களில் சாதி வேற்றுமை பாராட்டலாகாது என்றும், கைம்பெண் மணம் வேண்டும் என்றும் முடிவு செய்தனர். மதுரைக் கோயில் நுழைவு நிகழ்ந்தது 1939இல். நாடு எட்டாண்டு கழித்துக் காணவிருந்ததைப் பல்லாவரத்து அவை முன்னரே பேசி முடித்தது. அவ்வாண்டிலேதான் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டியும் ஓடத் தொடங்கியது. வண்டி மக்களைக் கொணர்ந்தது, ஊர் பெருத்தது, ஆனால் அத்தகைய அவைகள் பெருகினவா?

செய்யத்தக்கன

ஒன்று: ஒவ்வொரு கூட்டத்திற்கும் இருபக்கமும் பேசத்தக்க ஒரு வினாவையே தலைப்பாக்குக. 'தமிழின் பெருமை' என்று தலைப்பிட்டால் மறுப்பார் யார்? 'கலைச்சொல் ஆக்கத்தில் பழஞ்சொல்லை மீட்பதா, புதுச்சொல் படைப்பதா?' எனில் அவை விழித்தெழும்.

இரண்டு: அவைத்தலைவர் காலத்தையும் முறையையும் காப்பவர். தம் கருத்தை அவர் இறுதியிலன்றி உரைத்தல் கூடாது. அப்பொறுப்பு ஆண்டுதோறும் கைமாறுக.

மூன்று: மறுப்புக்கும் இலக்கணம் உண்டு. பவணந்தியார் நன்னூலில் எழுவகை மதம் கூறினார். உடன்படுதலும் மறுத்தலும் மட்டுமல்ல. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின் களைதலும், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதலும் அவற்றுள் அடங்கும். எதிரியின் கருத்தை அவரே 'ஆம், அதுவே' எனும்படி எடுத்துரைத்த பின்னரே மறுக்கத் தொடங்குக. பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

நான்கு: முதல் வினா அவையில் மிக இளையோர்க்கு, அடுத்தது பெண்டிர்க்கு. பட்டம் பெற்றோர் காத்திருக்கலாம்.

ஐந்து: பேசியதும் முடிந்ததும் முடியாததும் குறிப்பேட்டில் ஏறுக, அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் படிக்கப்பெறுக. மும்மாதத்திற்கு ஒருமுறை கணக்கும் படிக்கப்பெறுக.

ஆறு: அவையை முடக்குவோரை முதன்முறை தனியே அழைத்துச் சொல்லுக, மறுமுறை அவையில் சொல்லுக, மும்முறையாயின் ஒரு கூட்டத்திற்கு விலக்குக. என்றைக்குமாகக் கதவடைத்தல் வேண்டா. விலக்கப்பட்டவர் திரும்பி வருதற்கு வழியிருந்தால்தான் அது மன்றம். இல்லையேல் அது குழு.

ஏழாவதாக ஒன்று, அது நம்மவர்க்கே உரியது. தொழிற்சாலையில் வேலை முடித்து, தொடர்வண்டியில் நின்றுகொண்டே வந்து, களைப்போடு மன்றத்தில் நுழையும் ஒருவர், பிறசொல் நான்கு கலந்து ஒரு கருத்தைச் சொல்கிறார். அக்கருத்தை விட்டு அந்நான்கு சொற்களை எடுத்துக்கொண்டு நகையாடுகின்றனர் நம்மவர். அவர் மறுமுறை வாரார். அவரோடு அவர் வீட்டுத் தமிழும் வெளியேறிவிடும். தூய்மை என்பது பேசுவோன் நாணும்படி செய்வதன்று. கேட்போன் விரும்பும்படி செய்வது. அவர் கருத்துக்கு மறுமொழி கூறுகையில் அந்நான்கு சொற்களுக்கும் உரிய தமிழை நம் வாயால் வழங்கினாற் போதும். நான்கு கூட்டத்திற்குள் அவர் வாயிலும் அது வழங்கும்.

அன்பர்களே! அடிகள் 1950இல் மறைந்தார். அவர் தொகுத்த நூல்கள் 1958இல் சென்னையில் அவர் பெயரால் பொது நூலகமாயின. தம் நூலையும் பொதுவாக்கிச் சென்றவர் வாழ்ந்த மண் இது. அம்மண்ணில் மன்றம் வைப்போர் தம் கருத்தையும் பொதுவில் வைத்து உரைத்துப் பார்க்க அஞ்சலாமா? உரைகல்லுக்கு அஞ்சும் பொன் பொன்னாகாது. வினாவுக்கு அஞ்சும் கொள்கை கொள்கையாகாது. தெருவுக்கொரு மன்றம் வேண்டா. ஊருக்கு ஒன்று போதும். அது திங்கள்தோறும் தவறாது கூடுக, துணிந்து வினவுக, பொறுத்துக் கேட்க, தெளிந்து முடிவு செய்க.

வாழ்க பொதுநிலை! வெல்க தமிழ்!