கியூபெக் நகரில் ஒரு பள்ளிக்கூடம்



ரொறன்ரோவில் வாழும் பழைய மாணவிகளாகிய நாங்கள் கோடை விடுமுறையில் கியூபெக் நகரம் பார்க்கப் போனோம். கோட்டை மதிலும் கல்வீடுகளும் அழகுதான். தெருவெங்கும் பிரெஞ்சுப் பேச்சு. 1759இல் ஆங்கிலேயர் பிடித்த நகரம் அது!

எங்களை அதிகம் கவர்ந்தது உர்சுலைன் கன்னியர் மடம். 1639இல் பிரான்சிலிருந்து வந்த மரி அம்மையார் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. நமது நூறு வயது அதற்கு முன் சின்னப்பிள்ளை. நாற்பது வயதுக்குமேல் அவர் பூர்வகுடிப் பிள்ளைகளின் மொழிகளைக் கற்று அகராதிகள் எழுதினார். ஆயினும் பள்ளியின் நோக்கம் அவர்களைப் பிரெஞ்சு முறைக்குப் பழக்குவதே. அங்குள்ள வெண்டாட் மக்களின் மொழி பின்னாளில் பேசுவாரின்றிப் போயிற்று. இப்போது அருகிலுள்ள வெண்டாக்கேயில் அதை மீண்டும் படிப்பிக்கிறார்கள்.

திரும்பும் வழியெல்லாம் எங்கள் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே கதைத்துக்கொண்டு வந்தார்கள்.