திரை கறுத்தது யாரால்?

(காரைக்குடியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தமிழில் கணினி நடத்துவது பற்றிப் பேச வருவோர் எழுத்துரு, விசைப்பலகை, கலைச்சொல் எனப் பெரும்பொருள்களை எடுத்துக்கொள்வர். நான் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய பொருள். கணினிப் பெட்டிக்குள் செருகியிருக்கும் ஓர் அட்டை. அந்த அட்டையை ஆட்டிவைக்கும் ஒரு நிரல். அவ்வளவுதான். இதற்கு ஒரு கூட்டமா என்று கேட்பீர்கள். 1953ஆம் ஆண்டிலிருந்து மின்வேதியல் ஆய்வு நிலையம் நடக்கும் ஊரில் பேசுகிறேன் என்னும் துணிவில்தான் வந்தேன். நுட்பம் என்றதும் எழுந்து போகும் ஊரன்று இது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து சிறிது தொலைவில் ஓர் ஊர்ப் படிப்பகத்தில் நான்கு பழைய கணினிகளை நானே அமைத்துக் கொடுத்தேன். நான்கிலும் இலினக்சு. திறந்தவுடன் தோன்றும் பட்டியல் முதல் நாள்காட்டி வரை எல்லாம் தமிழ். பிள்ளைகள் தமிழ்99 விசைப்பலகையில் பழகி, தம் பாட்டிமாரும் அப்பத்தாமாரும் பாடிய தாலாட்டுகளைத் தட்டச்சிட்டு வந்தனர். ஒரு நாள் காலை ஒரு கணினியின் திரை முற்றும் கறுத்துவிட்டது. வேறு இரண்டில் 1024க்கு 768 என்னும் பழைய அளவில், அகன்ற திரையில் இழுத்துக் கட்டியதுபோல எழுத்துகள் பிதுங்கி நின்றன. ணகரத்திற்கும் னகரத்திற்கும் சுழி தெரியவில்லை. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று ஒரு சிறுமி மூக்கைத் திரையில் வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்த பெரியவர் ஒருவர், தமிழ்மேல் பற்றுடையவர்தாம், சொன்னார்: "நான் அப்பொழுதே சொன்னேனே தம்பி. தமிழெல்லாம் மேடைக்குச் சரி. பெட்டிக்கு ஊரார் எல்லாரும் போடுவதையே போட்டிருக்கலாம்."

தோழர்களே, அந்தச் சொல்தான் என்னை இங்கே நிற்கவைத்திருக்கிறது. திரை கறுத்தது தமிழாலா? இலினக்சாலா? இரண்டாலும் அன்று. என் பிழையால். அதனை எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லவேண்டுமானால் இயக்கி என்பது யாது என்று சொல்லவேண்டும்.

கணினியின் இயங்குதளத்திற்கு உள்ளுயிராக இருப்பது கருனி. நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை ஆகிய எல்லாவற்றோடும் பேசுவது அதுவே. ஆனால் ஒவ்வோர் அட்டையும் தனக்கென ஒரு பேச்சு வைத்திருக்கிறது. அந்தப் பேச்சைக் கருனிக்குப் பெயர்த்துச் சொல்லும் நிரலே இயக்கி. இலினக்சில் பெரும்பாலான இயக்கிகள் கருனியோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றின் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கிறது. கருனி மாறினால் அவையும் உடன் மாறும்.

ஆத்தங்குடிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் பைஞ்சுதையும் இட்டு, சூளையில் வேகவைக்காமலே ஆக்கும் கல். தாத்தா காலத்துத் தளத்தில் ஒரு கல் உடைந்தால் அதே பூவை இன்னொரு கைவினைஞர் வார்த்துத் தந்துவிடுவார். செய்முறை ஊரார்க்குத் தெரியும். அதனால் தளம் வாழ்கிறது. செய்தவர் ஒருவர் மட்டுமே செய்முறையைப் பூட்டி வைத்திருந்தால், அவர் கடையை மூடிய நாளில் நம் வளவின் நடுவே ஒரு குழி நிலைத்திருக்கும்.

தனியுடைமை இயக்கி அத்தகைய பூட்டிய கல். வரைகலை அட்டைகளில் பெயர்பெற்ற என்விடியா நிறுவனம் பன்னெடுநாளாக இலினக்சுக்கு இயக்கி தந்துவருகிறது. தரவில்லை என்று சொல்லல் பொய். ஆனால் மூலநிரலைத் தராமல் ஆக்கிய பொருளை மட்டும் தந்தது. அதனைக் கருனிக்குள் ஏற்றியவுடன் கருனி தன்மேல் 'மாசுற்றது' என்று தானே ஒரு குறி இட்டுக்கொள்ளும். இது நான் கட்டிய உவமை அன்று. கருனியை எழுதியோர் வைத்த பெயரே அது. அக்குறியோடு நீங்கள் ஒரு பிழையை முறையிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று காணமுடியாத பொருளுக்கு நாங்கள் எப்படி விடைசொல்வது என்று கைவிரித்துவிடுவர். வேற்றாளைத் திண்ணையில் அமர்த்தலாம். பெட்டகம் இருக்கும் உள்வீட்டுத் திறவுகோலையே கொடுத்துவிட்டால் பிறகு யாரைக் கேட்பது?

கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததே ஓர் இயக்கியின் பூட்டினால்தான் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழக ஆய்வகத்திற்குச் செராக்சு நிறுவனம் ஒரு சீரொளி அச்சுப்பொறி கொடுத்தது. தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. தாள் சிக்கினால் உரியவர்க்கு உடனே செய்தி போகும்படி பழைய அச்சுப்பொறியின் நிரலை இரிச்சர்டு சுடால்மன் முன்பே திருத்தி வைத்திருந்தார். புதிய பொறிக்கு மூலநிரல் இல்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டபோது, வெளியிடமாட்டேன் என்று ஒப்பமிட்டிருக்கிறேன் எனச் சொல்லி மறுத்துவிட்டார். அந்தச் சினம் உள்ளே கனன்றது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் குனூ திட்டத்தை அவர் அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்சு கருனியை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததே நாம் இன்று ஓட்டும் இயங்குதளம்.

அதே தோர்வால்சு 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசும்போது, தாம் கண்ட நிறுவனங்களுள் மிகமோசமானது என்விடியாவே என்று சொல்லிக் கையால் ஒரு குறியும் காட்டினார். தாய்மார்கள் அமர்ந்திருக்கும் அவையில் அதனை நான் செய்து காட்டப்போவதில்லை.

கட்டற்ற முகாம் கைகட்டி இருந்துவிடவில்லை. 2005ஐ ஒட்டி, பூட்டிய இயக்கி அட்டையோடு பேசுவதை ஒட்டுக்கேட்டு, எழுத்தெழுத்தாய்ப் பொருள்கண்டு, 'நூவோ' என்னும் திறந்த இயக்கியைச் சிலர் எழுதத் தொடங்கினர். எழுத்தறியா மொழியின் கல்வெட்டைப் படிப்பது போன்ற உழைப்பு அது. 2010இல் நூவோ கருனிக்குள் இடம்பெற்றது. ஆனால் 2014இன் பின்வந்த அட்டைகளில் நிறுவனத்தின் கையொப்பமிட்ட நிலைபொருள் இருந்தாலன்றி அட்டை தன் முழு விரைவில் ஓடாது என்று ஆக்கிவிட்டனர். திறந்த இயக்கி படம் காட்டும்; நடை மட்டும் முடவன் நடை. 2022ஆம் ஆண்டு மேத் திங்களில் என்விடியா தன் இயக்கியின் கருனிப் பகுதியைத் திறந்துவிட்டது. அதுவும் 2018க்குப் பிந்திய அட்டைகளுக்கு மட்டும். கருனிக்கு வெளியே ஓடும் பெரும்பகுதி இன்னும் பூட்டில்தான் இருக்கிறது. கதவைத் திறந்தனர், நிலைப்பேழையைத் திறக்கவில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

எதையும் நிறுவுமுன் உங்கள் அட்டை எதுவென்று அறியுங்கள். முனையத்தைத் திறந்து எல்.எசு.பி.சி.ஐ. என்னும் கட்டளையை இட்டால் பெட்டிக்குள் இருப்பவை வரிசையாக வரும். அதனுடன் கே என்னும் குறியைச் சேர்த்தால், எந்த அட்டையை எந்த இயக்கி இப்போது ஓட்டுகிறது என்பதும் வரும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். திரை கறுத்தபின் நினைவும் கறுக்கும்.

அடுத்தது, நிறுவனத்தின் இணையப் பக்கத்திலிருந்து இயக்கியை நேரே இறக்கி நிறுவாதீர்கள். பாதித் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் இலினக்சு வழங்குவோர் தம் கிடங்கில் அதனைப் பொதியாக வைத்திருக்கின்றனர். உபுண்டுவில் 'கூடுதல் இயக்கிகள்' என்னும் சாளரம் அட்டைக்குப் பொருந்தும் வரிசையைத் தானே காட்டும். தெபியனில் தனியுடைமைப் பொருள்களுக்கென்று ஒதுக்கிய கட்டை நீங்களே திறந்துவிட்டால்தான் கிடைக்கும். நம் வீட்டில் வெளிப்பாண்டம் வேறு அடுக்கில் இருப்பதுபோல அவர்கள் அதனைத் தனியே வைத்திருக்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. வேண்டுவோர் எடுக்கலாம்; தெரியாமல் கலந்துவிடாது.

மூன்றாவது, நான் சறுக்கிய இடம். பூட்டிய இயக்கி கருனியோடு ஒட்டவேண்டுமானால் இடையில் ஓர் இணைப்புக்கூறு ஒவ்வொரு கருனிக்கும் புதிதாய்ச் செய்யப்படவேண்டும். டி.கே.எம்.எசு. என்னும் ஏற்பாடு அதனைத் தானே செய்யும். ஆனால் செய்வதற்கு அந்தக் கருனியின் தலைப்புக் கோப்புகள் வேண்டும். அவை கருனியோடு தொடர்ந்து புதுப்பிக்கப்படுவதற்கென ஒரு பொதி உண்டு. நான் அன்றைய கருனிக்கு உரிய கோப்புகளை மட்டும் நிறுவி, தொடர்பொதியை விட்டுவிட்டேன். சில கிழமைகள் எல்லாம் நன்றாக நடந்தன. பின்பு இரவோடிரவாகப் புதுக் கருனி வந்தது. கோப்புகள் இல்லை; இணைப்புக்கூறு செய்யப்படவில்லை; நூவோவையோ இயக்கியை நிறுவியபோதே விலக்கிவைத்தாயிற்று. பழையவனும் இல்லை, புதியவனும் இல்லை. திரை கறுக்காமல் என்ன செய்யும்?

புதிய கணினிகளில் இன்னொன்று உண்டு. பாதுகாப்புத் தொடக்கம் என்னும் ஏற்பாடு இயக்கத்தில் இருந்தால், கையொப்பமில்லாத கூற்றைக் கருனி ஏற்காது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுமுறை கணினி தொடங்கும்போது ஒரு நீலத்திரை தோன்றும். அதில் திறவுகோலைப் பதிக்கும் வரியைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லை இடவேண்டும். பலர் அத்திரையைக் கண்டு அஞ்சி, கணினியைத் தொடரச் சொல்லிவிடுகின்றனர். இயக்கி நிறுவியிருக்கும், ஆனால் ஓடாது.

திரை கறுத்துவிட்டதா? மின்னை அணைத்து இயங்குதளத்தை மீள நிறுவ ஓடாதீர்கள். கணினி தொடங்கும்போது சிப்டு விசையை அழுத்திப் பிடித்தால், சில கணினிகளில் எசுகேப் விசையைத் தட்டினால், தொடக்கப் பட்டியல் வரும். அதன் மேம்பட்ட தேர்வுகளில் முந்திய கருனி இருக்கும். அதற்குரிய இணைப்புக்கூறு முன்பே செய்யப்பட்டிருப்பதால் திரை பெரும்பாலும் மீண்டுவிடும். படிப்பகத்தில் நான் செய்தது இதுவே. பின் தொடர்பொதியை நிறுவி, கூற்றைச் செய்யவைத்து, புதுக் கருனியில் நுழைந்தேன். ஒரு கணினிக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

முந்திய கருனியும் கைகொடுக்கவில்லையெனின், அதே பட்டியலில் இ விசையைத் தட்டி, இலினக்சு எனத் தொடங்கும் வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்னும் சொல்லைச் சேர்த்துத் தொடங்குங்கள். அழகற்ற திரையாவது வரும். அதுவும் இல்லையேல் கண்ட்ரோல், ஆல்ட், எப்3 மூன்றையும் சேர அழுத்தினால் வெறும் எழுத்து முனையம் கிடைக்கும். அங்கே நுழைந்து தொடக்கக் குறிப்பேட்டைப் படியுங்கள். திறவுகோல் மறுக்கப்பட்டது என்றிருந்தால் சிக்கல் கையொப்பத்தில். கூறு காணப்படவில்லை என்றிருந்தால் தலைப்புக் கோப்பில். ஒன்றும் விளங்கவில்லையெனின் தனியுடைமைப் பொதிகளை முழுதும் நீக்கிவிட்டு நூவோவுக்கே திரும்புங்கள். தாலாட்டுத் தட்டச்சிட அது தாராளமாய்ப் போதும்.

இவ்வளவும் கைவந்தபின்னும் ஒன்று நம் கையில் இல்லை. அதுதான் எனக்கு நெஞ்சுறுத்தல். பூட்டிய இயக்கிக்கு அகவை உண்டு. என்விடியாவின் 340ஆம் வரிசை 2019 இறுதியோடு நின்றது. 390ஆம் வரிசை 2022 இறுதியோடு நின்றது. 2016இல் விற்பனைக்கு வந்த பாசுகல் அட்டைகளுக்கு 580ஆம் வரிசையே கடைசி என்று 2025இல் சொல்லிவிட்டனர். அட்டை கெடவில்லை, மின்விசிறி சுழல்கிறது, ஆயினும் புதுக் கருனியோடு அது பேசாது. நம் ஊர்ப் படிப்பகங்களுக்கு வருவன எல்லாம் யாரோ பயன்படுத்திக் கொடுத்த பழங்கணினிகள் அல்லவா? நிறுவனம் கைவிடும் அகவையில்தான் அவை நம் கைக்கு வருகின்றன.

இன்டெல், ஏ.எம்.டி. வரைகலைக்குத் திறந்த இயக்கிகள் கருனியிலேயே உள்ளன. ஏ.எம்.டி. 2007இல் தன் அட்டைகளின் செய்முறை ஏடுகளை வெளியிடத் தொடங்கியதன் விளைவு அது. அங்கும் நிலைபொருள் பூட்டியதே, மறைக்கவில்லை. ஆனால் கருனி மாறும்போது இயக்கியும் உடன் மாறுகிறது. நான்கு கணினிகளில் மூன்றுதான் அன்று படுத்தன என்றேனே, நான்காவதில் தனி அட்டையே இல்லை, இன்டெல் வரைகலை. அந்தச் சிறுமி மீதித் தாலாட்டை அதில்தான் அடித்து முடித்தாள்.

2011இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னையில் உருவான 'பாசு' இலினக்சும் உள்ளே இருந்தது. அதனைத் திறந்து பார்த்தோர் எத்தனை பேர்? திறந்து பார்த்தவர்க்கு ஒரு சிக்கல் வந்தபோது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததா? ஊர்க்கு ஓர் ஆள் வேண்டும் தோழர்களே. பெரும்படிப்பு வேண்டா; மேலே சொன்னவற்றைத் தாளில் எழுதித் தன் கையால் ஒருமுறை செய்து பார்த்தவராக இருந்தால் போதும்.

படிப்பகத்துக் கணினி ஒன்றை, பூட்டிய இயக்கி உள்ளதையே, இங்குக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் அதன் தலைப்புக் கோப்புகளை நானே நீக்கி, புதுக் கருனி ஏற்றித் திரையைக் கறுக்கச் செய்கிறேன். மீட்பது உங்கள் வேலை. தாளும் எழுதுகோலும் உள்ளோர் முன்னே வந்து அமருங்கள். அந்தப் பெரியவரும் வந்திருக்கிறார். முதலில் அவரே விசையைத் தொடட்டும்.