பிழையைச் சொல்லக்கூடிய இடம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ மூட்டுவலியைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். அவற்றைத் தேநீர் வேளைக்கு வைத்துக்கொள்வோம். அங்கே எப்படியும் கேட்கத்தான் போகிறீர்கள். இன்று நாம் பார்க்கப்போவது, மனிதர் தாம் வேலை செய்யும் இடங்களில் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை. நிறுவன நடத்தையியல் என்று இதற்குப் பெயர். முகாமைத்துவம் படித்த சகோதரிகள் இதைத் தொழிற்சாலைகளையும் வங்கிகளையும் வைத்துப் படித்திருப்பார்கள். ஆனால் இத்துறையின் மிக நல்ல ஆய்வுகள் சில வைத்தியசாலை வாட்டுகளில் நடந்தவை.

அமெரிக்காவில் எமி எட்மன்சன் என்பவர், ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில், இரண்டு வைத்தியசாலைகளின் 8 பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நல்ல தலைமையின் கீழ் வேலை செய்யும் பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம். கணக்கு வந்தபோது எல்லாம் தலைகீழ். நல்ல பிரிவுகளில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன.

நல்ல தாதியர் கூடுதலாகப் பிழை விடுவார்களா? இந்த முடிவை அறியாத ஓர் உதவியாளர் அந்தப் பிரிவுகளுக்குப் போய் ஆட்களோடு பேசிப் பார்த்தார். சில இடங்களில் பிழை நேர்ந்தால் உடனே சொல்லிவிட்டார்கள். எல்லோரும் கூடித் திருத்தினார்கள். வேறு சில இடங்களில் சொன்னவருக்கு ஏச்சும் விசாரணையும்தான் மிஞ்சின. அதனால் அங்கே ஒருவரும் சொல்லவில்லை, பதிவேடு வெள்ளையாக இருந்தது. 1996இல் வெளிவந்த இந்த ஆய்விலிருந்துதான், பயமின்றி வாய் திறக்கக்கூடிய குழுக்களைப் பற்றிய அவருடைய பிற்கால ஆய்வுகள் வளர்ந்தன.

வைத்தியத் துறையில் இருக்கும் எங்களுக்கு இது வெறும் ஆய்வுக்கட்டுரை அல்ல. நள்ளிரவில் மருந்தின் அளவு கூடிவிட்டது என்று முதலில் காண்பவர் பெரும்பாலும் அந்த அறையிலேயே ஆக இளையவர்: ஒரு மாணவத் தாதி, அல்லது நேற்று நியமனம் பெற்ற வைத்தியர். மேலே நிற்பவரிடம் "சேர், இது சரியா?" என்று கேட்பதா விடுவதா என்று அவர் தயங்குகிற அந்த அரை நிமிடத்தில் ஓர் உயிர் போகலாம்.

பயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. லண்டனில் இசபெல் மென்சிஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர் ஒரு போதனா வைத்தியசாலையின் தாதியரை ஆராய்ந்து 1960இல் எழுதினார். அங்கே நோயாளரைப் பெயர் சொல்லாமல், கட்டில் இலக்கத்தாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிட்டார்கள். ஒரு தாதி ஒரு நோயாளரை முழுதாகப் பார்ப்பதில்லை; எல்லோருக்கும் ஒரே வேலையைச் செய்துகொண்டு போவார். இது அவர்களுடைய கல்நெஞ்சம் அல்ல என்றார் மென்சிஸ். வலியையும் மரணத்தையும் தினமும் பார்க்கும் பதற்றத்திலிருந்து தப்ப, நிறுவனமே கட்டிக்கொண்ட வேலி அது. வேலி பதற்றத்தைத் தீர்க்கவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவில் இடையில் விட்டுப் போனார்கள். திறமையானவர்களே கூடுதலாகப் போனார்கள் என்று மூத்தவர்கள் கவலைப்பட்டார்கள். நம் நாட்டில் இன்று தாதியரும் வைத்தியரும் வெளிநாடு போவதைச் சம்பளத்தோடு மட்டும் முடிச்சுப் போடுகிறவர்கள் இதை ஒருமுறை வாசிக்கலாம். சம்பளமும் காரணம்தான், மறுக்கவில்லை.

மாற்று வழி என்ன? உலக சுகாதார நிறுவனம் 2008இல் சத்திரசிகிச்சைக்கான 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஒருமுறை பெயர் சொன்ன வாய், பிறகும் திறக்கும். 8 நகரங்களின் வைத்தியசாலைகளில் சோதித்தபோது மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தன. ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இத்தகைய பட்டியல் கட்டாயமாக்கப்பட்டபோது, குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கடதாசியில் சரி அடையாளம் போடுவது எல்லோருக்கும் எளிதுதானே!

நம் நாட்டிலேயே பெருமைப்படக்கூடிய ஓர் உதாரணம் இருக்கிறது. 1985 முதல் ஒவ்வொரு தாய் மரணமும் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டியது. கிராமத்து மருத்துவமாது முதல் விசேட வைத்தியர் வரை அந்த மரணத்தின் கதையைத் துருவிப் பார்க்கிறார்கள். குற்றவாளியைப் பிடிப்பதற்கல்ல, எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது என்று அறிய. 1940களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 1,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த இந்த நாட்டில், அந்த எண்ணிக்கை சில பத்துகளுக்குள் வந்துவிட்டது. மலேரியா ஒழிப்பு, மருத்துவமாதர், பெண்கல்வி எல்லாம் சேர்ந்த பலன் அது. ஒளிக்காமல் எண்ணிய பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு.

பெண்கல்வி என்றதும் நம் பாடசாலைக்கு வருவோம். வாயில் விரல் வைத்து வரிசையில் நிற்க நாம் நன்றாகவே பழகினோம். "எதிர்த்துக் கதைக்காத பிள்ளை" என்பது நற்சான்றுப் பத்திரத்தில் ஏறும் புகழ்ச்சியாக இருந்தது. அதே பாடசாலைதான் விவாத மேடையில் ஏற்றி, எதிரணியை மடக்கு என்றும் சொன்னது. வேலைக்குப் போன நம்மில் பலர் மேடையை மறந்து விரலை மட்டும் கொண்டுபோனோம் போலிருக்கிறது. நம் சங்கக் கூட்டங்களைப் பாருங்கள்: தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறும், உண்மையான விவாதம் வடையோடு தேநீர் மேசையில்தான் தொடங்கும்.

ஆகவே செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். வரும் பொதுக்கூட்டத்தில் ஆகக் கடைசியாகப் பாடசாலையை விட்டு வந்த தங்கைமாரை முதலில் பேசவிடுவோம். மூத்தவர்கள் நாங்கள் பிறகு பேசுகிறோம். கணக்கறிக்கையில் ஏதாவது விளங்கவில்லை என்று ஒரு தங்கை எழுந்து சொன்னால், பொருளாளர் அக்கா கோபிக்கமாட்டார் என்று நம்புகிறோம்.