பால் ஊற மனசும் குளிரணும்



பிள்ளை பெத்தவளைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் பேசுறேன். மாடு வச்சிருக்கிறவங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். கன்னுக்குட்டி முட்டி முட்டி ஊட்டினால் மாடு பால் சொரக்கும். புது ஆள் போய் மிரட்டினால் பாலை அடக்கிக்கும். மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து மடிக்கு வந்தால்தான் பால் இறங்கும். பயம் வந்தால் அது தடைபடும்.

நமக்கும் அதே ஹார்மோன்தான். பிரசவத்தில் கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதும், பிறகு ரத்தப்போக்கைக் குறைப்பதும் அதுதான். இதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய வின்சென்ட் டு விக்னோ என்ற விஞ்ஞானிக்கு 1955-ல் நோபல் பரிசு கொடுத்தாங்க. பிரசவம் ஆனதும் ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் போடுகிற ஊசியும் இதுதான்.

குழந்தை சப்பச் சப்ப இது ஊறும். அதனால்தான் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கச் சொல்றாங்க. குழந்தையின் அழுகையைக் கேட்டாலே சிலருக்குப் பால் கசியும்.

ஆனால் வீட்டில் நாம என்ன பேசுறோம்? "உனக்குப் பாலே இல்லை", "இதுவும் பொண்ணா?" அவள் மனசு கலங்கினால் பால் இறங்கத் தாமதமாகும். உடனே பவுடர் டப்பா வாங்குறோம். குழந்தை சப்புவது குறையும், பாலும் நிஜமாவே குறைஞ்சிடும். இருந்த பாலை நம்ம வாயே கெடுத்த மாதிரி ஆயிடுது.

2015-ல் நம்ம தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தாங்க. பஸ் ஸ்டாண்டிலேயே நிம்மதியா உட்கார இடம் இருக்கும்போது, வீட்டில் இருக்க வேண்டாமா?

ஒவ்வொரு குழுவையும் கேட்டுக்கிறேன். உங்க தெருவில் பிரசவம் ஆனால் இரண்டு பேர் போய்ப் பாருங்க. துணி துவைச்சுக் கொடுங்க, சோறு வடிச்சுக் கொடுங்க, அவள் பேசுவதைக் கேளுங்க. மாமியாரிடமும் பக்குவமா சொல்லுங்க. ஒரு வாரக் குழந்தை நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போனால் பால் போதும் என்று அர்த்தம். எடை ஏறவில்லை என்றாலோ, தாய் ஓயாமல் அழுதாலோ கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்க, 104-க்கும் போன் பண்ணலாம்.

சேமிப்பும் கடனும் மட்டும் குழு இல்லை. நம்ம ஆறுதல் வார்த்தையும் ஒரு குழந்தைக்குப் பாலாகும்.