வற்றும் நீரும் தூண்டிற்காரரும்



மழை பொய்த்த ஆண்டுகளில், மாசி பங்குனி மாதங்களில், மஸ்கெலியாப் பக்கம் செல்வோர் ஓர் அரிய காட்சியைக் காணலாம். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். 1960களின் இறுதியில் நீருள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும், விகாரையும், பள்ளிவாசலும் இடிந்த கோலத்தில் மெல்ல வெளியே தலைகாட்டும். அவற்றைப் பார்க்க வருவோர் ஒரு பக்கம். தூண்டிலும் மண்புழுச் சிரட்டையுமாக வருவோர் மறு பக்கம். நீர் குறைந்தால் மீன் மலியும் என்பது அவர்களுடைய கணக்கு.

அந்தக் கணக்கிற் பாதி உண்மை உண்டு. பரந்த நீரிற் சிதறித் திரிந்த மீன்கள் சுருங்கிய நீரில் நெருங்கி நிற்கின்றன. ஆனால், மற்றப் பாதியை அறியாதவர் நல்ல தூண்டிற்காரர் ஆக மாட்டார். அந்த மற்றப் பாதியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில், நமது மலைநாட்டு நீர்நிலைகளில் வாழும் மீன்கள் எவை என்று பார்ப்போம். தேயிலையைப் போலவே இவற்றுட் பலவும் வெளியிலிருந்து வந்தவை. 1880களில் ஆங்கிலேயர் டிரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலிற் கொண்டுவந்து நுவரெலியாப் பகுதியிற் பொரிக்கச் செய்தனர். 1896இல் இதற்கென்றே ஒரு மீன்பிடிக் கழகமும் தோன்றியது. முதலில் வந்த பழுப்பு டிரவுட் இங்கு நன்கு பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் டிரவுட்டோ ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் நிலைபெற்றது. அச்சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆகவே அங்கே பூங்காவின் விதிகளே முதலிடம் பெறும்.

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாத் தோட்டங்களில் வாழ்வோருக்கு நெருங்கிய நீர் வேறு. கெஹெல்கமு ஓயாவை மறித்து எழுந்தது காசல்ரீ. மஸ்கெலியா ஓயாவை மறித்து எழுந்தது மவுஸ்ஸாகலை. இரண்டும் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. இரண்டும் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே உள்ளவை. இவற்றில் அகப்படுவன பெரும்பாலும் திலாப்பியாவும் கார்ப் கெண்டையுமே. லயத்துச் சட்டிக்கு வருவதும் இவையே.

இனி, வெயிற் காலத்து நீரின் இயல்பைக் கவனிப்போம். மீனும் நம்மைப் போலப் பிராணவாயுவினாலேயே வாழ்கிறது. நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுளால் வடித்தெடுக்கிறது. நீர் சூடேற ஏற, அதிற் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு குறையும். கடல் மட்டத்தில், 10 பாகை வெப்பமுள்ள நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 25 பாகையில் 8 மில்லிகிராம் அளவே தாங்கும். மலையிற் காற்றழுத்தம் குறைவாதலால், இந்த அளவு இன்னும் சுருங்கும். அதே வேளையில், சூட்டினால் மீனின் உடலுக்கு வேண்டிய பிராணவாயுவோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலைதான் அப்போது மீனின் நிலை.

எனவேதான் நண்பகலில் மீன் தூண்டிலைத் தீண்டுவதில்லை. ஆழத்திலோ, நிழலிலோ, ஓடை வந்து விழும் முகத்திலோ அது ஒதுங்கி நிற்கும். விடிந்து பனி விலகுமுன்னும் அந்தி சாயும் வேளையிலுமே இரை தேடி வரும். அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்னும் மீனைத் தேடுவோர் கோடையின் கடைசி வாரங்களிற் கைக்கொள்ளும் முறையும் இதுவே. நாடு வேறாயினும் நீரின் நியதி ஒன்று.

பங்குனி சித்திரையில் மாலைதோறும் இடியுடன் மழை வருவதுண்டு. மழை நின்ற பின் ஓடை கலங்கிப் பாய, அதனுடன் வரும் புழுவையும் பூச்சியையும் நாடி மீன்கள் ஓடைமுகத்துக்கு வரும். தூண்டிற்காரருக்கு அது நல்வேளை. ஆனால் இடி முழங்கும்போது திறந்த கரையில் நீண்ட கோலைப் பிடித்து நிற்பவர் மின்னலை வருந்தி அழைப்பவராவார். நீர் வற்றிய இடத்துச் சேறும் நம்பத் தகாதது. மேலே காய்ந்து வெடித்துக் கிடந்தாலும், அடியில் இடுப்பளவு இழுக்கும். பிள்ளைகளைத் தனியே அங்கு அனுப்பலாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில அதிகாலைகளில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். "மீன் தானாகவே கைக்கு வருகிறது" என்று மகிழ்வாரும் உளர். அது மூச்சுத் திணறல், நேயர்களே. பகலிற் பிராணவாயுவைத் தரும் பாசி, இரவில் அதனையே உட்கொள்வதால் விடியுமுன் நீர் வறுமையுறுகிறது. சரிவுகளில் இட்ட உரம் மழையோடு வந்து சேர்ந்தால் பாசி மேலும் பெருகும். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் கலந்தாலும் மீன் மிதக்கும். எதனால் மிதந்தது என்று கண்ணாற் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே செத்து மிதக்கும் மீனை ஒருபோதும் அடுப்படிக்குக் கொண்டு செல்லாதீர்கள்.

கடைசியாக, மிக முக்கியமான செய்தி. திலாப்பியாவின் ஆண், கரையோர ஆழமற்ற நீரில் வட்டமாகக் குழி பறிக்கும். பெண் அங்கு முட்டையிட்டு, அம்முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துக் காக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்வரை பெரும்பாலும் உண்ணாது. கார்ப் கெண்டையோ கரையோரப் புற்பூண்டுகளில் முட்டைகளை ஒட்டிவைக்கும். மட்டம் இறங்கினால் குழியும் புல்லும் வெயிலிற் காயும். இவ்வாறு ஏற்கெனவே இழப்புற்ற நீரில், நெருக்கக் கண் வலையை வீசிக் குஞ்சையும் தாயையும் ஒருசேர வாரினால், அடுத்த ஆண்டு யார் பங்கை உண்பது? வெடியும் நஞ்சும் சட்டத்தாற் தடுக்கப்பட்டவை; அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. சட்டம் பாராத கரையிலும் நம் கை அடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நாட் கூலியில் நடக்கும் குடும்பத்துக்குக் கரையிற் கிடைக்கும் ஒரு கோவை மீன் சிறு பொருளன்று. பிள்ளையின் தட்டில் விழும் புரதம் அது. அதனாலேயே இதைச் சொல்கிறேன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தூண்டிலிடுங்கள். வேண்டிய அளவு எடுங்கள். சிறு மீனைக் கையை நனைத்துப் பிடித்து, முள்ளை மெல்லக் கழற்றி, உடனே நீரில் விடுங்கள். வாயிற் குஞ்சு சுமந்து வரும் தாய் மீனுக்கு வழி விடுங்கள்.

வைகாசி கடந்து தென்மேல் பருவ மழை இறங்கும். ஓயாக்கள் பெருகும், வெளியே வந்த கோயில் மறுபடியும் நீருள் மறையும். அப்போது அந்தக் கோயிற் படிகளில் மீன்கள் விளையாட வேண்டுமாயின், இந்த வறண்ட வாரங்களில் நாம் சிலவற்றை விட்டுவைத்திருக்க வேண்டும்.